சென்னையிலிருந்து லெஸ்டருக்குப் பட்டணம் பொடி: இரண்டு பார்சல் சேவைகள்

எங்கள் அப்பா கும்பகோணத்தில் தமிழாசிரியராக இருந்த நாளிலிருந்து டி.ஏ.எஸ். ரத்தினம் பட்டணம் பொடி என்கிற மூக்குப்பொடிதான். எழுபத்தெட்டு வயதில் இங்கிலாந்தில் இருக்கும் லெஸ்டருக்கு எங்களோடு இருக்க வந்துவிட்டார், பொடி மட்டும் இங்கே கிடைக்கவில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால் கொண்டுவருவார்கள், இல்லாவிட்டால் தபால்தான். மூக்குப்பொடியும் புகையிலைதான், புதிதாக யாரும் பழகிக்கொள்ள வேண்டாம். என்னைப் போல வீட்டுப் பெரியவருக்காக வரவழைப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அனுப்பியது ஒரு பெரிய பார்சல் ஏஜென்ட். பணம் கட்டும்வரை வாட்ஸ்அப்பில் நிமிடத்துக்கு நிமிடம் பதில் வந்தது. பார்சல் இங்கிலாந்து வந்து சேர்ந்ததும் டிராக்கிங்கில் 'சுங்கத்தில் உள்ளது' என்ற ஒரே வரி, வாரக்கணக்கில் அசையவில்லை. கேட்டால், "அது யுகே கஸ்டம்ஸ் மேடம், எங்க கையில இல்ல." கடைசியில் பார்சலுக்குப் பதிலாக ஒரு அட்டை வந்தது. சுங்க வரி, எக்சைஸ் வரி (புகையிலை, மது போன்றவற்றுக்கான தனி வரி), வாட் (மதிப்புக்கூட்டு வரி), போதாததற்குத் தபால் நிறுவனத்தின் கையாளும் கட்டணம். கூட்டிப் பார்த்தால் பொடியின் விலையைத் தாண்டிவிட்டது. இந்த அட்டை வந்தபின் பார்சலைச் சுமார் மூன்று வாரம்தான் வைத்திருப்பார்கள், அதற்குள் கட்டாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேறு வழியில்லாமல் கட்டினேன்.

பெட்டியில் ஒட்டியிருந்த சிஎன்23 படிவத்தை, அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று சுங்கத்துக்குச் சொல்லும் படிவத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பால்பாயின்ட் பேனாவில் கிறுக்கலாக 'டொபேக்கோ பவுடர்' என்று எழுதியிருந்தார்கள். எத்தனை டப்பா, எத்தனை கிராம், எதற்குப் பயன்படுவது, ஒன்றும் இல்லை. பிரிட்டனில் சிகரெட், சுருட்டு, பைப் புகையிலை, மெல்லும் புகையிலை எல்லாவற்றுக்கும் எக்சைஸ் வரி உண்டு, மூக்குப்பொடிக்குக் கிடையாது. ஆனால் சுங்கப் பட்டியலில் மூக்குப்பொடியும் மெல்லும் புகையிலையும் 2403 99 10 என்ற ஒரே எண்ணில்தான் வருகின்றன. மெல்லும் புகையிலைக்கு எக்சைஸ் மட்டுமே கிலோவுக்கு 150 பவுண்டுக்கு மேல். மேசையில் இருக்கும் அதிகாரிக்குத் தெரிவது படிவம் மட்டும்தான். 'புகையிலைத் தூள்' என்று எழுதியிருந்தால் அவர் வேறென்ன நினைப்பார்? நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். காசு வாங்கிக்கொண்டு படிவம் எழுதியவர்களைத்தான் சொல்வேன்.

அப்புறம் நண்பர் ஒருவர் மயிலாப்பூர் பக்கம் பார்சல் கட்டும் ஒரு சிறு கடையைச் சொன்னார். அங்கே இருக்கும் பெரியவர் முதலில் கேட்டதே, "மூக்குல போடறதா, வாயில போடறதா?" என்றுதான். படிவத்தில் 'நேசல் ஸ்னஃப்', டப்பாக்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் எடை, உண்மையான விலை, சுங்க எண் எல்லாவற்றையும் டைப் அடித்து ஒட்டினார். கடை பில்லின் நகல் ஒன்று வெளியே பிளாஸ்டிக் உறையில், இன்னொன்று உள்ளே. வாழை மட்டையில் கட்டிய பொடி வேண்டாம், வருவதற்குள் மணம் போய்விடும் என்று சொல்லித் தகர டப்பாவாக வாங்கிவைத்தார். ஒவ்வொரு டப்பாவின் மூடியைச் சுற்றியும் டேப், அதற்கு மேல் ஜிப் பை. பிரித்தபோது ஒரு சிட்டிகை கூடச் சிந்தியிருக்கவில்லை.

'கிஃப்ட்னு போட்டுடலாமா' என்று கேட்காத ஆளையும் அன்றுதான் பார்த்தேன். காசு கொடுத்து வாங்கியதை அன்பளிப்பு என்று எழுதுவது பொய், மாட்டினால் பார்சலே போய்விடும்.

இந்த முறையும் சுங்கத்தில் நின்றது, ஆனால் சில நாட்கள்தான். எக்சைஸ் இல்லை. 20 சதவீத வாட் இருந்தது. அதைப் பொருளின் விலையோடு தபால் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள், அதனால் அனுப்பும் கட்டணத்தையும் பார்த்து ஆர்டர் செய்யுங்கள்.

பழைய பார்சலுக்குக் கட்டிய எக்சைஸைத் திரும்பக் கேட்டேன். இங்குள்ள தபால் நிறுவனங்களான ராயல் மெயில் அல்லது பார்சல்ஃபோர்ஸ் வழியாக வந்திருந்தால் பிஓஆர்286 படிவம், கூரியர் என்றால் சி285. அட்டை, பில், டப்பாவின் படம் எல்லாம் இணைத்து அனுப்பினேன். தாமதமாக வந்தாலும் பணம் வந்தது. கையாளும் கட்டணம் போனது போனதுதான்.

நடுவில் ஷெஃபீல்டில் தயாராகும் வில்சன்ஸ் ஆஃப் ஷாரோ பொடியையும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். எலுமிச்சைச் சாயலில் நல்ல மணம். "வாசனை சரி, காரம் எங்கம்மா?" என்று அப்பா ஒதுக்கிவிட்டார்.

மயிலாப்பூர் கடைக்கு ஐந்துக்கு நான்கரை தருகிறேன். போனை எடுக்க நேரமாகிறது, அதற்குத்தான் அரை குறைத்தேன். பெயர் வேண்டுபவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பொங்கலுக்குள் வேண்டுமென்றால் நவம்பரிலேயே சொல்லிவையுங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் பார்சல் குவியலில் மாட்டினால் எவ்வளவு ஒழுங்காக எழுதியிருந்தாலும் தாமதம்தான்.