பேஸ்பிளேட் வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள்: லெகோ தகடுகள் ஓர் அலசல்

பிளாக் பெட்டி வாங்கியாச்சு, அடியில் வைக்க ஒரு பேஸ்பிளேட்டும் வாங்கிவிடலாம் என்று தேடினால் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். சதுரமான தகடு, மேலே வரிசையாகக் குமிழ்கள், பெரும்பாலும் பச்சை நிறம். வித்தியாசம் முழுக்க அடிப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே பிளாக் பிடிக்கும் குழல்கள் இருக்கின்றனவா, வெறுமையா, ஒட்டும் பசையா என்பதைப் பொறுத்துத்தான் குழந்தை அதை வைத்து என்ன செய்ய முடியும் என்பது அமையும். கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை, அட்டைப்பெட்டிப் படத்திலும் தெரியாது.

முதலில் லெகோவின் வழக்கமான மெல்லிய தகடு. 32×32 குமிழ் உள்ளது சுமார் 25.5 செ.மீ. சதுரம், 48×48 உள்ளது 38 செ.மீ. சொச்சம். அடியில் பிடிமானம் கிடையாது, அதனால் இதை இன்னொரு பிளாக்கின் மேல் மாட்ட முடியாது. தரையிலோ மேசையிலோ கிடப்பதற்கென்றே செய்தது. 2007இல் தொடங்கிய லெகோவின் மாடுலர் கட்டிட வரிசை (ஒன்றோடொன்று சேர்த்துத் தெருவாக்கும் கட்டிடங்கள்) பெரும்பாலும் 32×32 தகட்டின் மேல்தான் எழும்புகிறது, ஆகவே ஓரிடத்தில் அசையாமல் நிற்கப் போகும் நகரத்துக்கு இது தாராளமாகப் போதும். வளைகிற குணத்தில் ஒரு நன்மையும் உண்டு: இறுகிப்போன சின்னத் துண்டு வரவில்லையென்றால் அந்த இடத்தில் தகட்டை லேசாக வளைத்தாலே அதன் ஓரம் கிளம்பிவிடும், அப்புறம் நகத்தால் எடுத்துவிடலாம்.

ஆனால் தூக்கும்போது அதே வளைவுதான் வினை. பிள்ளைகள் இரண்டு கையால் அடியில் தாங்கியா தூக்குவார்கள்? ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், தகடு நடுவில் தொங்கும், அரை நாள் கட்டிய சுவர் சரியாக நடுவில் விரிசல் விட்டுப் பிளக்கும். 48×48 இதில் இன்னும் மோசம். பெரிய தகடுதான் வேண்டும் என்றால் அடியில் ஒரு கெட்டிப் பலகையோ டிரேயோ வைத்துக் கொடுங்கள். வெயில் படும் ஜன்னலோரத்திலும் மூடிய காருக்குள்ளும் போட்டு வைக்காதீர்கள். ஒருமுறை மூலை தூக்கிக்கொண்டால் அது மறுபடி படிவது கஷ்டம்.

அடுத்தது அடுக்கக்கூடிய தகடு. தடிமன் 3.2 மி.மீ., அதாவது ஒரு சாதாரண பிளாக்கின் உயரமான 9.6 மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு. அடியில் முழுக்கக் குழல்கள் இருப்பதால் பிளாக்குகளின் மேல் மாட்டி மாடி கட்டலாம், பாலம் போடலாம், தனியாகக் கழற்றி எடுத்துப் போகலாம். லெகோவில் இது 16×16 அளவில் கிடைக்கிறது, சுமார் 12.8 செ.மீ. சதுரம். மற்ற பிராண்டுகள் 32×32லும் விற்கின்றன. குறை ஒன்று உண்டு, இறுக்கம். தகடு வளையாது என்பதால் மேலே ஒட்டிய மெல்லிய துண்டுகளைப் பிரிக்க அந்தச் சின்ன பிளாஸ்டிக் பிரிப்பான் கட்டாயம் வேண்டும். மாடியாகப் போடும்போது கீழே சுவர் முழுக்க அழுத்தாமல் மூலைகளில் மட்டும் மாட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கழற்றும்போது மாடியோடு வீடும் வந்துவிடும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கலக்க முடியுமா என்றால், சட்டென்று முடியாது. மெல்லியதன் குமிழ்கள் சற்றுத் தாழ்வாக இருக்கும், நடுக்கோட்டின் மேல் குறுக்காக ஒரு பிளாக் போட்டால் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் தூக்கி நிற்கும். 2021இல் லெகோவின் நகர வரிசையான லெகோ சிட்டியின் சாலைத் தகடுகள், சாலை அச்சிட்ட மெல்லிய தகட்டிலிருந்து தடித்த பொருத்து முறைக்கு மாறின. அதனால் பழைய வீட்டுத் தகட்டுக்குப் பக்கத்தில் புதுச் சாலையை வைத்தால் படி போல இருக்கும். எந்த வகையோ, ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே சேர்ப்பது நல்லது.

வேறு பிராண்டு வாங்கலாமா? தாராளமாக. 1958இல் லெகோ விண்ணப்பித்த அந்தக் குழல் முறைக் காப்புரிமை காலாவதியாகிப் பல காலம் ஆகிறது, எல்லோரும் அதே 8 மி.மீ. இடைவெளியில்தான் செய்கிறார்கள். தரம்தான் ஏறி இறங்கும். வந்தவுடன் இரண்டு தகடுகளை ஒட்டி வைத்து, நடுக்கோட்டின் மேல் ஒரு 2×4 பிளாக்கை அழுத்துங்கள். சிரமமில்லாமல் உட்கார்ந்தால் சரி. விளிம்பு அரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால்கூட அது உட்காராது, நாலைந்து தகடு சேர்ந்தால் கோணல் நன்றாகவே தெரியும். அப்புறம் நாலு மூலையிலும் நடுவிலும் ஒற்றைக் குமிழ் பிளாக்குகளை மாட்டித் தகட்டைக் கவிழ்த்து உதறுங்கள். விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பசை வைத்த தகடு மேசைக்குச் சரி, சுவருக்கு எனக்குச் சம்மதமில்லை. சுவரில் ஒரு பிளாக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் தகட்டையும் சேர்த்துத்தான் இழுக்கிறோம். கடைசியில் பெயின்ட்டோடு வரும். குமிழ் வைத்த, வளையும் சிலிக்கான் பட்டை பொம்மை மனிதர்களை நிறுத்தி வைக்க நன்றாயிருக்கும், வீடு கட்ட ஆகாது.

மூன்று வயதுக்குக் கீழே இந்தப் பேச்சே வேண்டாம், சின்னத் துண்டுகள் வாய்க்குள் போகும். அந்த வயதுக்கு லெகோவின் பெரிய பிளாக் வகையான டூப்லோதான். அதன் 24×24 தகடும் 38 செ.மீ. வரும், குமிழ் இடைவெளி இரட்டிப்பு. வழுவழுப்பான தரையில் டூப்லோ தானாகவே நிற்கும், கம்பளம் விரித்த அறை என்றால்தான் தகடு அவசியப்படும். சாதாரண 2×4 பிளாக்கும் டூப்லோ குமிழ் மேல் மாட்டும் என்பதால் பிறகும் வீணாகாது.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒரு வகைதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் பெரிய 48×48 வேண்டாம், 16×16 அடுக்குத் தகடு நாலு வாங்குங்கள் என்பேன். பரப்பளவு ஒரு 32×32க்குச் சமம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் எல்லைச் சண்டை பாதி குறையும், ஆளுக்கு இரண்டு. சேர்த்து விளையாடும்போது நாலையும் ஒட்டி வைத்து, அடியில் இணைகிற கோட்டில் தட்டையான 2×4 துண்டுகளை மாட்டினால் ஒரே தகடாகிவிடும். வெளி மூலைகளிலும் அதே தட்டைத் துண்டு ஒவ்வொன்று மாட்டுங்கள், இல்லையென்றால் ஆடும்.