கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ: நீலக் கட்டத்தோடு நின்றுவிடாதீர்கள்

பத்து வருடப் பழைய டெஸ்க்டாப் ஆன் ஆவதற்கே ஐந்து நிமிடம் ஆகிறது, ஃபோல்டரைத் திறந்தால் ஹேங் ஆகிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் வழக்கமாக வரும் பதில்: "ஃபார்மேட் அடிச்சுப் பார்க்கலாம் சார்." அடிப்பதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்கின் நிலையைப் பார்த்துவிட வேண்டும். சாகப்போகிற டிஸ்க்கில் ஃபார்மேட் அடித்தால் ஃபோட்டோக்கள் போனது போனதுதான். கேபிள் கோளாறு என்றால் ஃபார்மேட் அடித்தும் பயனில்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும்.

ஜப்பானைச் சேர்ந்த ஒரு நிரலாளர் எழுதிப் பராமரிக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. டவுன்லோட் பக்கத்தில் அனிமே பெண் படம் போட்ட பதிப்புகளும் இருக்கும். அவை அளவில் பெரியவை, வேலை ஒன்றுதான். ஸ்டாண்டர்டு எடிஷனின் ஜிப் ஃபைலை எடுங்கள். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, பென் டிரைவிலிருந்தே ஓடும்.

திறந்ததும் இடப்பக்கம் பெரிதாக ஒரு கட்டம். நீலம் என்றால் குட், மஞ்சள் என்றால் காஷன், சிவப்பு என்றால் பேட். பெரும்பாலானோர் இந்த நிறத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விஷயம் கீழே உள்ள பட்டியலில்தான் இருக்கிறது. டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்துவைக்கும் எண்கள் அவை.

அதற்குள் போகுமுன் ஒரு அமைப்பை மாற்ற வேண்டும். கடைசிப் பத்தியில் தெரியும் ரா வேல்யூ எண்கள் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்கள், நாம் எண்ணும் பத்தடிமான எண்கள் அல்ல. 09 என்ற வரிசை டிஸ்க் ஓடிய மணிநேரத்தைச் சொல்கிறது. அதில் 000000003854 என்று இருந்தால் 3,854 மணி என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது 14,420 மணி. தினம் 8 மணிநேரம் ஓடியிருந்தால் கிட்டத்தட்ட 5 வருடம். ஃபங்ஷன் மெனு, அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போய் 10 டெக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சாதாரண எண்ணாக மாறிவிடும். முதல் முறை திறக்கும்போதே இப்படிக் காட்டியிருக்கலாம். இந்த மென்பொருளில் எங்களுக்குள்ள முதல் குறை இதுதான்.

இனி பார்க்க வேண்டியவை நான்கு வரிசைகள்: 05, சி5, சி6, சி7.

டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சிறு துண்டுதான் செக்டர். 05 என்பது கெட்டுப்போய், உபரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்பவை. சி6, டிஸ்க் தானாகச் சோதித்தபோது படிக்க முடியாதவை. மூன்றில் எது 1 ஆனாலும் கட்டம் மஞ்சளாகும். ஒன்றுதானே என்று விடக்கூடாது. கூகுள் தன் டிஸ்க்குகளை வைத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதல் சந்தேக செக்டர் (சி5 வகை) தென்பட்ட டிஸ்க்குகள் அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 16 மடங்கு இருந்தது.

சி5 ஏறியிருந்தால் உடனே விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க்கை ஸ்லாஷ் ஆர் (chkdsk /r) போட்டு ஓட்டாதீர்கள், சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக்கும் செய்யாதீர்கள். இரண்டும் பலவீனமான டிஸ்க்கை மணிக்கணக்கில் பிழிந்தெடுக்கும். முதலில் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். ஒரு ஃபைலில் காப்பி நின்றுபோனால் அதை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். எல்லாம் எடுத்தபின் டிஸ்க்கை வேறு கணினியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, குயிக் ஃபார்மேட் டிக்கை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பார்ட்டிஷனையும் முழு ஃபார்மேட் போடுங்கள். எல்லா செக்டரிலும் எழுதும்போது சந்தேகத்தில் நின்றவற்றுக்கு ஒரு முடிவு வந்துவிடும். சி5 பூஜ்யமாகி 05 ஏறாமல் இருந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதால் வந்த கோளாறாக இருக்கலாம். முக்கியமில்லாத ஃபைல்களுக்கு வைத்துக்கொள்ளலாம். 05 ஏறியிருந்தால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள்.

பணத்தை மிச்சப்படுத்தும் வரிசை சி7. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே டேட்டா சிதைந்து வந்து மறுபடி அனுப்பப்பட்ட தடவைகளை அது எண்ணுகிறது. அது ஆயிரக்கணக்கில் போனாலும் கட்டம் நீலமாகவே இருக்கும். இதற்காக மஞ்சள் காட்டாது. ஆனால் கணினி விட்டு விட்டு ஹேங் ஆகும். காரணம் பெரும்பாலும் சாட்டா கேபிள்: கிளிப் இல்லாத பழைய கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது கேபினெட் மூடியில் இடித்து மடங்கியிருக்கும். பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திவிட்டு, கிளிப் வைத்த புதுக் கேபிளை மாட்டுங்கள். நூறு ரூபாய் அளவில் கிடைக்கும். மதர்போர்டில் வேறு போர்ட்டுக்கும் மாற்றிவிடுங்கள். சி7 எண்ணிக்கை ஒருபோதும் குறையாது. அதனால் இன்றைய எண்ணைக் குறித்துவைத்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அதே எண் நின்றால் வேலை முடிந்தது. ஏறிக்கொண்டே போனால் பவர் கனெக்டரையும், பழைய வகை பவர் வயரை டிஸ்க்குக்கு மாட்ட உதவும் மோலெக்ஸ் டு சாட்டா கன்வெர்ட்டர் இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்.

வீணாகப் பயமுறுத்தும் எண்களும் உண்டு. சீகேட் டிஸ்க்கில் 01, 07 இரண்டும் கோடிக்கணக்கில் தெரியும். அவர்கள் பிழை எண்ணிக்கையோடு மொத்தச் செயல்பாடுகளையும் சேர்த்து எழுதுவதால் வருவது அது, கவலை வேண்டாம். டிரான்ஸ்ஃபர் மோடில் சாட்டா 300 | சாட்டா 600 என்று இருந்தால், இடப்பக்கம் இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் டிஸ்க்கால் முடிந்தது. இன்டெல் எச்61 சிப்செட் உள்ள பழைய மதர்போர்டில் அப்படித்தான் வரும். 150 என்று நின்றால் கேபிளைப் பாருங்கள். பழைய சீகேட் என்றால் பின்னால் வேகத்தைக் குறைக்கும் சிறிய ஜம்பர் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீலம் என்பது உத்தரவாதம் இல்லை. அதே கூகுள் ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல், அந்த ஆய்வு முக்கியமாகக் கருதிய நான்கு அறிகுறிகளில் (சி7 அதில் இல்லை) ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஆகவே இது பேக்கப்புக்கு மாற்று ஆகாது. சில யுஎஸ்பி கேஸ்கள் இந்த விவரங்களை வெளியே விடுவதும் இல்லை. அப்படிப்பட்ட டிஸ்க்கை நேராக சாட்டாவில் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு ஒன்று. எந்த எண்ணில் மஞ்சள் காட்ட வேண்டும் என்பதை ஃபங்ஷன் மெனுவின் ஹெல்த் ஸ்டேட்டஸ் செட்டிங்கில் யாரும் மாற்றிவைக்கலாம். விற்பவர் தன் திரையில் காட்டும் நீலத்தை நம்பாமல், உங்கள் பென் டிரைவில் உள்ள காப்பியைத் திறந்து அந்த நான்கு வரிசைகளையும் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.