செகோவியா: மே கடைசியா, அக்டோபரா?

ஸ்பெயின் என்றதும் வெயிலும் கடற்கரையும்தான் நம் நினைவுக்கு வரும். செகோவியா அந்தக் கணக்கில் சேராத ஊர். மாட்ரிட்டுக்கு வடமேற்கே, குவாதர்ராமா மலைத்தொடரின் மறுபக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாட்ரிட்டின் உயரம் சுமார் 650 மீட்டர்தான். அதிவேக ரயில் 28 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் புகுந்து மலையைக் கடந்து, அரை மணி நேரத்தில் நம்மை அங்கே இறக்கிவிடும். மாட்ரிட்டில் அரைக்கைச் சட்டையோடு ஏறியவர், இறங்கியதும் பையில் ஸ்வெட்டரைத் தேடுவார்.

இந்த ஊருக்கு எப்போது போகலாம் என்று கேட்டால், "ஏப்ரல், மே" என்ற பதில்தான் பொதுவாகக் கிடைக்கும். செவில், கோர்டோபா போன்ற தென்பகுதி ஊர்களுக்கு அது சரியான பதில். செகோவியாவுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். உயரம் இங்கே வசந்தத்தைப் பல வாரம் தள்ளிப்போடுகிறது. ஏப்ரலில் பின்னால் நிற்கும் மலையில் பனி அப்படியே இருக்கும். ஊருக்குள் மழையும் ஊசிக்காற்றும் மாறி மாறி வரும். பூத்துக் குலுங்கும் ஸ்பெயினை எதிர்பார்த்து ஏப்ரல் முதல் வாரம் போகிறவர்கள் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு திரும்புவார்கள்.

செகோவியா அடங்கிய காஸ்தீயா பகுதிக்காரர்கள் தங்கள் தட்பவெப்பத்தைப் பற்றிச் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம். ஸ்பானிய மொழியில் குளிர்காலம் 'இன்வியெர்னோ', நரகம் 'இன்ஃபியெர்னோ'. எழுதும்போது இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். பழமொழி கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறது. ஆனால் வசந்தமும் இலையுதிர் காலமும் அங்கே மாதக்கணக்கில் நீடிப்பதில்லை என்பது உண்மை. சில வாரங்கள்தான். அதனால் என் கண்ணில் உண்மையான போட்டி இரண்டு சிறிய காலங்களுக்கு இடையில்தான்: மே 20-லிருந்து ஜூன் 20 வரை ஒன்று, அக்டோபர் 10-லிருந்து அந்த மாதக் கடைசி ஞாயிறு வரை இன்னொன்று. என் ஓட்டு அக்டோபருக்கு. ஏன் என்று சொல்வதற்கு முன், மற்ற இரண்டு பருவங்களையும் பார்த்துவிடலாம்.

கோடையும் குளிர்காலமும்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைப் பழமொழி சொல்லும் அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பகலில் 30 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் 15-க்கு இறங்கிவிடும். மாட்ரிட்டுக்குத் தெற்கே உள்ள டொலேடோவில் அதே நாளில் கல்தரை இரவிலும் சூடு விடாது. ஐந்தாம் ஃபெலிப்பே மன்னர் 1721-ல் தொடங்கி லா கிரான்ஹா அரண்மனையை செகோவியாவிலிருந்து 11 கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் கட்டியது சும்மா அல்ல. ஆனால் பகல் 2 மணியிலிருந்து 6 மணி வரை தெருவில் நடக்க முடியாது. கடைகள் அடைத்திருக்கும், நிழல் குறைவு, ஊரைச் சுற்றியுள்ள வயல்கள் அறுவடை முடிந்து வெறும் அரிதாளாகக் கிடக்கும். கோடையில்தான் போக முடியும் என்றால் ஜூலையின் முதல் இரண்டு சனிக்கிழமைகளில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள பெத்ராஸா என்ற மதில் சூழ்ந்த சிற்றூரில் அந்த இரவுகளில் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, ஆயிரக்கணக்கான மெழுகுவத்திகளை ஏற்றுவார்கள்.

குளிர்காலத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனால் முதல் முறை போகிறவருக்குச் சொல்ல மாட்டேன். ஜனவரியில் பகலில் 8 டிகிரி வந்தால் நல்ல நாள். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். டிசம்பர் கடைசியில் சூரியன் எழ காலை எட்டரை மணிக்கு மேல் ஆகும், மாலை 6-க்குள் இருட்டிவிடும். ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளித் திறந்த வெளியில் இருக்கிறது. அங்கே நகரப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பத்து நிமிடம் போதும், குளிர் எலும்பில் ஏற. ஒரு ஜனவரியில் நான் போனபோது மூடுபனி நண்பகல் வரை விலகவே இல்லை. அல்காஸர் கோட்டையின் அடியில் நின்றுகொண்டு கோட்டையைப் பார்க்க முடியாமல் திரும்பினேன்.

ஆனால் வானம் தெளிந்த குளிர்கால நாள் வாய்த்தால் அதற்கு ஈடே இல்லை. தெற்கே 'முஹெர் முவெர்த்தா', அதாவது 'இறந்த பெண்' என்று அழைக்கப்படும் மலை, மல்லாந்து படுத்த ஒரு பெண்ணின் உருவத்தில் முழுக்க வெள்ளையாகத் தெரியும். பிப்ரவரி 3, புனித பிளாஸ் நாளில் செங்கால் நாரையைக் காணலாம் என்பது அவர்கள் வாய்மொழி. கோபுரங்களில் கூடு கட்ட நாரைகள் திரும்பும் காலம் அது. அதே மாதத் தொடக்கத்தில், ஆற்றுக்கு அப்பால் உள்ள சமர்ரமாலாவில் பெண்கள் ஊராட்சிக் கோலைக் கையில் எடுக்கும் புனித ஆகெதா விழா நடக்கும். செகோவியாவை ஒரு முறை பார்த்துவிட்டவர் இரண்டாம் முறை போக வேண்டிய காலம் இது.

மே கடைசியின் பலம்

முதலில் பகல் வெளிச்சம். ஜூன் நடுவில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிவிடும். காலை 10 மணிக்கு வந்து இறங்கினாலும் 12 மணி நேர வெளிச்சம் கையில் இருக்கும். கோட்டையை வடக்கே வெரா குரூஸ் தேவாலயத்துப் பக்கமிருந்து படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜூனில் சூரியன் வடமேற்கில் மறைவதால் கோட்டையின் வடக்கு முகத்தில் மாலை வெயில் விழும். குளிர்காலத்தில் அதே முகம் நாள் முழுவதும் நிழலில் இருக்கும்.

அப்புறம் நிறம். கோதுமை வயல்கள் பச்சையாக இருக்கும், வரப்புகளில் பாப்பிப் பூக்கள் சிவந்து கிடக்கும். ரோமானியர் கட்டிய நீர்ப்பாலத்தைச் சுற்றி உழவாரன் குருவிகள் கூட்டங்கூட்டமாகக் கீச்சிட்டுப் பறக்கும். சாந்து இல்லாமல் கருங்கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய, 167 வளைவுகள் கொண்ட, 28 மீட்டர் உயரத்துக்கு எழும் அந்தப் பாலத்தின் கீழே மாலையில் உட்கார்ந்திருப்பது மேயில் ஒரு சுகம்தான்.

ஆனால் மேயின் உண்மையான துருப்புச்சீட்டு லா கிரான்ஹாவின் நீரூற்றுகள். தோட்டத்தின் மேற்பகுதியில் 'கடல்' என்று அழைக்கப்படும் ஒரு ஏரி இருக்கிறது. அங்கிருந்து தண்ணீர் தன் எடையாலேயே இறங்கி வருகிறது. மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. 18-ஆம் நூற்றாண்டு ஏற்பாடு இன்றும் அதே வழியில் வேலை செய்கிறது. 'புகழ்' என்ற பெயருடைய ஊற்றின் தாரை 40 மீட்டருக்கு மேல் எழும். முதல் தடவை அதைப் பார்த்தபோது, இத்தனை உயரத்துக்கு வெறும் சரிவுதான் தண்ணீரைத் தூக்குகிறது என்று நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. வசந்தத்திலும் கோடையிலும் குறிப்பிட்ட நாட்களில் சில ஊற்றுகளை மட்டும் திறப்பார்கள். எல்லாவற்றையும் திறப்பது வழக்கமாக மூன்று நாள்தான்: மே 30, ஜூலை 25, ஆகஸ்ட் 25. வறண்ட ஆண்டில் தண்ணீர் போதாமல் இதைக் குறைப்பதுண்டு, ஆகவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் தயங்காமல் மே கடைசியைத்தான் சொல்வேன். கோடை விடுமுறை இன்னும் முடிந்திருக்காது, மே 30-ஐப் பார்த்துவிட்டு ஜூனில் பள்ளி திறக்கும் நேரத்தை ஒட்டி ஊர் திரும்பிவிடலாம். சில நாள் முன்னதாகவே போக முடிந்தால், மே நடுவில் செகோவியாவில் உலகப் பொம்மலாட்ட விழாவும் நடக்கும். தெருவிலும் முற்றங்களிலும் ஆட்டம் நடப்பதால், மொழி தெரியாத பிள்ளையும் சிரிக்கும்.

குறை என்ன? கூட்டம். மாட்ரிட்டிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள்தான் இந்த ஊரை நிரப்புகிறார்கள், அவர்களுக்குப் பிடித்த மாதம் மே. மே 1, 2, 15 மூன்றும் மாட்ரிட்டில் விடுமுறை நாட்கள். இன்னொன்று, மதியத்துக்கு மேல் மலைப்பக்கமிருந்து இடியோடு வரும் திடீர் மழை. அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் என்றாலும், நீரூற்று திறக்கும் மாலை நேரத்தில் வந்தால் மனசு கெட்டுப்போகும்.

அக்டோபர் ஏன் முந்துகிறது

எரெஸ்மா ஆறுதான் முதல் காரணம். ஊர் ஒரு கப்பலைப் போலப் பாறைமேல் நிற்கிறது. அதன் மூக்கில் அல்காஸர், கீழே எரெஸ்மாவும் கிளாமோரெஸ் ஓடையும் சேரும் இடம். பெரும்பாலானோர் மேலேயே நடந்து, நீர்ப்பாலம், ஊர் நடுவிலுள்ள பெரிய தேவாலயம் (கதீட்ரல்), கோட்டை என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கீழே ஆற்றங்கரையில் நெட்டிலிங்கம் போல ஓங்கி வளரும் பாப்லர் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அக்டோபர் நடுவில் மஞ்சளாகத் தொடங்கும் அவை, கடைசி வாரத்தில் முழுப் பொன்னாகும். மேலே தேவாலயத்தின் சுண்ணாம்புக்கல்லும் தேன்நிறம். 1525-ல் கட்டத் தொடங்கிய அந்தத் தேவாலயத்தை ஜூன் மதிய வெயிலில் பார்த்தால் வெளிறித் தெரியும். அக்டோபரில் சூரியன் தாழ்ந்தே போவதால் நாளின் பெரும்பகுதி சாய்ந்த வெளிச்சம் விழும். கல்லின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக எழுந்து நிற்கும். ஜூனில் இந்த வெளிச்சத்துக்கு இரவு 9 மணி வரை காத்திருக்க வேண்டும்.

"தோட்டங்களிலிருந்து பர்ரால் வரை, பூமியில் ஒரு சொர்க்கம்" என்று செகோவியாக்காரர்கள் சொல்லும் வழி இதே ஆற்றங்கரைதான். பர்ரால் என்பது அங்குள்ள மடாலயம். அங்கிருந்து, இரண்டாம் ஃபெலிப்பே மன்னர் நீர்ச்சக்கரங்களால் இயங்கும்படி அமைத்த பழைய நாணயச்சாலையைக் கடந்து, கோட்டைக்குக் கீழேயுள்ள சான் மார்கோஸ் புல்வெளி வரை நடக்கலாம். அந்தப் புல்வெளி கோட்டைக்கு மேற்கே இருப்பதால் மாலை வெளிச்சம் எந்தப் பருவத்திலும் சரியாக அமையும். இந்த நடைக்கு வேர்க்காத, நடுங்காத ஒரு நாள் வேண்டும். பகலில் 17 டிகிரியை ஒட்டி, இரவில் 7 டிகிரியை ஒட்டி இருக்கும் அக்டோபர் அதைத் தருகிறது. மழை வராதா என்றால், வரும். இங்கே மேயும் அக்டோபரும் இரண்டுமே மழை உள்ள மாதங்கள்தான், அதில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

அடுத்தது சாப்பாடு. செகோவியாவின் சமையல் குளிருக்காகப் பிறந்தது. விறகடுப்பில் சுட்டு, தட்டின் விளிம்பாலேயே வெட்டிக் காட்டும் பால்குடிப் பன்றி. லா கிரான்ஹாவின் 'ஹுதியோனெஸ்' என்ற பெருத்த வெள்ளை அவரைக்கொட்டைக் குழம்பு. 30 டிகிரி வெயிலில் இவற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கோட்டைக் கோபுரத்தின் 152 படிகளை ஏற முடியாது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் எளிதல்ல. அவரைக்கொட்டைக் குழம்பிலும் பூண்டு சூப்பிலும் பன்றி இறைச்சி கலந்தே வரும். இறைச்சி வேண்டாம் என்றால் மட்டும் போதாது, 'சின் ஹமோன்', அதாவது 'ஹமோன் இல்லாமல்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஹமோன் என்பது உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை, அதை அவர்களில் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு இதிலும் அக்டோபர்தான் கைகொடுக்கிறது. மழை சரியாகப் பெய்த ஆண்டில் பைன் காடுகளிலிருந்து காளான் வந்து குவியும். முட்டையோடு கிளறிய காட்டுக்காளான் எல்லா உணவகத்திலும் கிடைக்கும்.

லா கிரான்ஹாவில் அக்டோபரில் நீரூற்றுகளை எதிர்பார்க்க முடியாது. இது இழப்புதான், மறைக்க மாட்டேன். பதிலாகத் தோட்டம் முழுவதும் குதிரைக் கஷ்கொட்டை, லிண்டன் மரங்களின் இலைகள் விழுந்து கிடக்கும், ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. இன்னொரு பக்கம் ரியோஃப்ரியோ காட்டில் 'காமோ' மான்களின் இணைசேரும் காலம். ஆண் மான்கள் தொண்டையிலிருந்து எழுப்பும் கரகரத்த உறுமல் அந்தி நேரத்தில் தொலைவு வரை கேட்கும்.

தேதி குறிக்கும்போது மாதத்தைவிடக் கிழமை முக்கியம் என்பதை மறக்க வேண்டாம். அக்டோபர் 12 தேசிய விடுமுறை. அது வார இறுதியை ஒட்டி வந்தால், இடைப்பட்ட நாளையும் சேர்த்து 'புவென்தே' என்று நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு மாட்ரிட்டே கிளம்பி வந்துவிடும். அந்த நாட்களை விட்டுவிட்டு, திங்கள் முதல் வியாழனுக்குள் வையுங்கள். மாட்ரிட்டிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்புவதாக வைக்காதீர்கள், ஓர் இரவாவது தங்குங்கள். மாலை 7 மணிக்கு மேல் பயணிகள் பேருந்துகள் கிளம்பிவிடும். ஊர் ஊர்க்காரர்களிடம் திரும்பி வரும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். சனிக்கிழமை ஏழே கால் மணி வரை இருந்த வெளிச்சம் ஞாயிறன்று ஆறே காலுக்கே போய்விடும். அதனால்தான் அந்த ஞாயிறை என் எல்லையாக வைத்தேன்.

கிழமை எதுவானாலும் ஓர் இரவுக்கு மட்டும் விதிவிலக்கு தருவேன்: அக்டோபர் 24. மறுநாள் ஊரின் காவல் புனிதர் சான் ஃப்ருதோஸின் திருநாள். தேவாலயத்தின் ஒரு வாசலுக்கு மேல் அவருடைய சிலை, கையில் புத்தகத்தோடு நிற்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, அந்த இரவில், அவர் ஒரு பக்கத்தைத் திருப்புகிறார் என்பது நம்பிக்கை. கடைசிப் பக்கம் வரும் நாளில் உலகம் முடியுமாம். தாத்தா பாட்டி முதல் தோளில் தூக்கிவந்த குழந்தைகள் வரை எல்லோரும் குளிரில் நின்று சிலையின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் நின்ற ஆண்டு, பக்கத்திலிருந்த ஒரு சிறுமி தன் அப்பாவிடம் இன்னும் எத்தனை பக்கம் மிச்சம் என்று கேட்டாள். நிறைய இருக்கிறது என்றார் அவர். அப்புறம் எல்லோரும் சூடான பூண்டு சூப்புக்கு வரிசையில் நின்றோம்.