சூப்பர் மார்க்கெட் ரெட் வைன்: மால்பெக்கை விட்டால் வேறு என்ன?

பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டில் ரெட் வைன் அடுக்கு முன்னால் நின்று குழம்பும் நம்மாட்கள் கடைசியில் கை வைப்பது பெரும்பாலும் அர்ஜென்டினா மால்பெக் மேல்தான். பெயர் தெரியும், போன தடவையும் அதைத்தான் வாங்கினோம், கார்டு காட்டினால் தள்ளுபடி, முடிந்தது வேலை. மோசமான வைன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே சிரமமில்லாமல் குடிக்க ஒரு பாட்டில் வேண்டும் என்றால், அதைவிடப் பொருத்தமான ஒன்று இரண்டு அடுக்கு தள்ளி பிரான்ஸ் வரிசையில் கேட்பாரற்று இருக்கும்: போஜோலே.

சுலபமாக உள்ளே இறங்கும் ரெட் என்றால் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று டானின், அதாவது திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் துவர்ப்பு. நாவல்பழம் தின்ற பிறகு நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளுமே, அதே சங்கதி. இன்னொன்று ஆல்கஹால். லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் 12.5, 14.5 என்ற எண்ணை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் இரண்டாவது கிளாஸில் தலை கனப்பதும் கனக்காததும் அதில்தான் இருக்கிறது. காரமான சாப்பாட்டோடு குடித்தால் இது இரட்டிப்பாகத் தெரியும், ஏனென்றால் ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாய்க் காரத்தை ஏற்றிவிடும்.

மால்பெக்கிலிருந்தே தொடங்கலாம். இந்தத் திராட்சைக்கு மூலம் பிரான்ஸ் என்றாலும் இப்போது அதன் ஊர் அர்ஜென்டினாவின் மெண்டோசா, ஆண்டீஸ் அடிவாரத்தில், பல தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்துக்குப் பக்கமாக. மழை குறைவு, வெயில் அதிகம், பழம் நன்றாகப் பழுத்துவிடும். அதனால் கறுத்த நிறம், பிளம் வாசனை, கொஞ்சம் சாக்லேட். துவர்ப்பு மெத்தென்று இருப்பதால் முதல் கிளாஸ் அருமையாக இருக்கும். ஆனால் கனமான வைன். ஆல்கஹாலும் பல நேரம் 13.5, 14 என்று போகும். கிரில் செய்த ஆட்டுக்கறிக்கு இதை மிஞ்ச முடியாது, வெறும் பேச்சுக்கு இது அதிகம்.

போஜோலே பிரான்ஸில் பர்கண்டி வைன் பகுதிக்குத் தெற்கே, லியோன் நகரத்துக்கு வடக்கே. திராட்சை வகையின் பெயர் காமே. அங்கே பல இடங்களில் திராட்சையைப் பிழியாமல் குலைகுலையாகவே மூடிய தொட்டியில் போடுகிறார்கள், உள்ளே கரியமில வாயு நிறைகிறது, நொதித்தல் பழத்துக்கு உள்ளேயே ஆரம்பித்துவிடுகிறது. இதனால் நிறமும் பழ வாசனையும் வந்துவிடும், துவர்ப்பு மட்டும் அவ்வளவாக இறங்காது. செர்ரி, ராஸ்பெரி, நாக்கின் ஓரத்தில் லேசான புளிப்பு, ஆல்கஹால் 12.5 அல்லது 13. வெறும் 'போஜோலே' என்று இருப்பதை விட 'போஜோலே வில்லாஜ்' என்று போட்டிருப்பதை எடுங்கள். ஃபிளூரி, மோர்கோன் மாதிரி பத்து ஊர்களின் பெயரில் வருவது இன்னும் ஒரு படி மேல், விலையும் மேல், இந்தத் தேவைக்கு அவ்வளவு வேண்டாம். 'நூவோ' என்று இருந்தால் அது நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை வெளிவரும் புது வைன், சீக்கிரம் குடித்துவிட வேண்டியது. அடுத்த கோடையில் தள்ளுபடியில் கிடந்தால் தொடாதீர்கள். கனமான ரெட்டுக்குப் பழகியவர்கள் போஜோலேயைத் தண்ணி என்பார்கள். சொல்லட்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது பிரான்ஸின் ரோன் பகுதியிலிருந்து வரும் கோத் து ரோன். கிரெனாஷ், சிரா திராட்சைகளின் கலப்பு, கொஞ்சம் மிளகு வாசனை, விலையும் மனதுக்குப் பிடிக்கும். டெஸ்கோ, செயின்ஸ்பரீஸ் எல்லாம் சொந்தப் பெயரிலேயே விற்கிறார்கள், அதில் ஏமாந்துபோக வாய்ப்புக் குறைவு. ஒரே குறை, தெற்கு ரோன் வெயிலில் ஆல்கஹால் 14க்கு மேலும் ஏறிவிடும், ஆகவே எண்ணைப் பார்த்து எடுங்கள்.

ஸ்பெயினின் ரியோஹா கிரியான்சா யார் வீட்டுக்காவது கொண்டுபோக நல்லது. குறைந்தது இரண்டு வருடம் வைத்திருந்து, அதில் ஒரு வருடமாவது ஓக் மரப் பீப்பாயில் கிடந்துதான் வெளியே வரவேண்டும் என்பது விதி. பாட்டில் முதுகில் சிவப்பு முத்திரை ஒட்டியிருக்கும், பச்சையாக இருந்தால் அந்த வகை இல்லை. அமெரிக்க ஓக்கில் வைத்ததென்றால் வனிலா வாசனை தூக்கும். எனக்கு அது ஒரு கிளாஸுக்கு மேல் திகட்டும்.

அப்புறம் விலங்குப் படமும் கொட்டை எழுத்தும் போட்ட பிராண்டுகள். பலவற்றில் சர்க்கரையைக் கொஞ்சம் மிச்சம் வைத்து ருசி கூட்டியிருப்பார்கள். வைன் பழக்கமே இல்லாதவருக்குப் பிடிக்கும், மற்றபடி நான் சொல்ல ஒன்றுமில்லை.

விலை விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 6 பவுண்டு பாட்டிலில் 1 பவுண்டு வாட் (விற்பனை வரி), கிட்டத்தட்ட 3 பவுண்டு மதுவரி. மிச்சம் 2 பவுண்டில்தான் கண்ணாடி, கப்பல் கூலி, கடைக்காரர் லாபம், கடைசியாக வைன். 9 பவுண்டு கொடுத்தால் வாட் ஒன்றரை ஆகும், மதுவரி அதேதான், மிச்சம் நாலரை. அந்த 3 பவுண்டு கூடுதலில் கணிசமான பகுதி பாட்டிலுக்கு உள்ளே போகிறது, அதனால் 5, 6 பவுண்டு பக்கம் நிற்காதீர்கள். 2025 பிப்ரவரியிலிருந்து மதுவரி ஆல்கஹால் அளவைப் பொறுத்து ஏறி இறங்குகிறது, 14.5 பாட்டிலுக்கு 12.5 பாட்டிலை விட 40 பென்ஸுக்கு மேல் கூடுதல் வரி. இதிலும் போஜோலேக்குத்தான் சாதகம்.

வாங்கி வந்ததும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரெட் வைனை அறை வெப்பத்தில் குடி என்பது ஹீட்டர் இல்லாத காலத்துப் பேச்சு, இப்போது வீடே 21 டிகிரியில் இருக்கிறது, அந்தச் சூட்டில் எந்த ரெட்டும் ஆல்கஹால் நெடிதான் அடிக்கும். மால்பெக்கைக்கூட கால் மணி நேரம் வைத்தால் ஆளே மாறிவிடும். மிஞ்சினால் மூடியை இறுக்கித் திருகி ஃப்ரிட்ஜிலேயே போடுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும்.