சென்சாரையும் இசிஎம்மையும் மாற்றிவிட்டார்கள். பழுது இருந்ததோ வயரில்

பி0336 என்ற கோளாறுக் குறியீட்டைக் காட்டி, உங்கள் காரின் கிராங்க் சென்சாரையோ (இன்ஜின் சுழல்வதை உணர்வது) இசிஎம்மையோ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) மாற்றச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பில் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சேலத்திலிருந்து தர்மபுரி செல்லும் வழியில், தொப்பூர் ஏற்றத்தில், பின்னால் லாரிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தபோது ஆர்பிஎம் முள் ஒருமுறை துள்ளிப் பூஜ்யத்துக்கு விழ, இன்ஜின் நின்றுவிட்டது. வண்டிக்குள் என் பிள்ளைகள் இருந்தார்கள். டைமிங் பெல்ட்டும் பிளக்குகளும் மாற்றி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. மாற்றிய ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுபோனேன். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு சென்சாரை மாற்றினார்கள். இரண்டே நாளில் கோளாறு திரும்பவும், டூப்ளிகேட் வந்துவிட்டது என்று இன்னொன்றைப் போட்டார்கள். அதற்கும் தீராதபோது இசிஎம் போய்விட்டது என்று அதையும் மாற்றினார்கள். மொத்தம் 38,000 ரூபாய். வயரிங்கை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் குறியீடு சென்சார் கெட்டுவிட்டதாகச் சொல்வதில்லை. அதிலிருந்து வரும் சிக்னல் கணக்குக்குப் பொருந்தவில்லை என்று மட்டுமே சொல்கிறது. 58 பற்களும் இரண்டு பல் அகலத்துக்கு ஓர் இடைவெளியும் கொண்ட சக்கரம் சுழலும்போது சென்சாரின் சுருளில் பிறக்கும் சிறு மின் அலைகளை எண்ணித்தான் என் காரின் இசிஎம் பிஸ்டன் நிற்கும் இடத்தை அறிகிறது. பக்கத்துப் பிளக் வயரில் பாயும் பல்லாயிரம் வோல்ட்டின் தாக்கம் அந்த மெல்லிய அலையில் ஏறிவிட்டால், இல்லாத பல்லையும் இசிஎம் எண்ணிவிடும். ஏற்றத்தில் இன்ஜினுக்குப் பளு கூடும்போது பொறி தாவுவதற்கு அதிக வோல்ட் தேவைப்படுகிறது. சமதளத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி மலையில் நின்றதற்குக் காரணம் இதுவே.

பிறகு நான் தேடிப் போன ஆட்டோ எலெக்ட்ரீஷியன், சென்சார் வயரின் இசிஎம் பக்க முனையில், மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பை மாட்டினார். மல்டிமீட்டரில் சென்சாரின் ஓம் அளவு சரியாகவே இருந்தது. திரையிலோ, சீராக வந்த அலையின் மேல் ஒவ்வொரு பொறிக்கும் ஊசி போல ஒரு முள் குத்திட்டு நின்றது. இன்ஜினை நிறுத்தி, பிளக் வயரோடு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருந்த சென்சார் வயரைப் பிரித்து, ஒரு சாண் விலக்கிவைத்து ஓட்டியதும் முட்கள் சிறுத்தன. கனெக்டருக்குச் சற்று மேலே கறுப்பு டேப்பை உரித்தபோது வயரை வெட்டி வெறுமனே முறுக்கியிருந்தது தெரிந்தது. வெளித் தாக்கத்தைத் தடுக்க வயர்களைச் சுற்றியிருக்க வேண்டிய ஷீல்டு என்ற உலோகப் பின்னல் இணைக்கப்படாமல், இழை இழையாகப் பிரிந்து கிடந்தது. ஒர்க்‌ஷாப்பில் போட்டிருந்த பிளக்குகளும், பொறியின் மின் இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் இல்லாத ரகம். வயரைச் சால்டர் வைத்து இணைத்து, ஷீல்டை இசிஎம் முனையில் மட்டும் எர்த் ஆகும்படி தொடரச் செய்து, ரெசிஸ்டர் பிளக்குகளை மாட்டினார். எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். அதே ஏற்றத்தில் நான்கு முறை ஏறிவிட்டேன், ஆர்பிஎம் முள் ஒருமுறைகூடத் துள்ளி விழவில்லை.

பழைய இசிஎம்மைக் கேட்டால் தூக்கிப் போட்டுவிட்டோம் என்கிறார்கள். கழற்றிய பாகத்தை அன்றே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அலையைத் திரையில் காட்டாதவர்களிடம் இசிஎம் மாற்றச் சம்மதிக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பில்களையும் வெட்டப்பட்ட அந்த வயர்த் துண்டையும் அதற்காகவே எடுத்து வைத்திருக்கிறேன்.