ஆர்மி புக் வாங்கும் முன் அது எந்த வருஷம் வந்தது என்று பாருங்கள்

மினியேச்சர் வார்கேமிங்கில், அதாவது சின்னப் பொம்மைச் சிப்பாய்களுக்குப் பெயிண்ட் அடித்து மேஜைமேல் போர் ஆடும் விளையாட்டில், புதிதாக இறங்குகிறவர்களுக்கும், சில வருஷம் விட்டுவிட்டு மறுபடி வருகிறவர்களுக்கும்தான் இந்தப் பதிவு. பழைய ஆட்கள் சிரித்துவிட்டுப் போகலாம், அவர்களில் பாதிப் பேராவது இதே அடியை ஒரு தடவை வாங்கியிருப்பார்கள். எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும்.

5 வருஷமாகப் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த என் படையை வெளியே எடுத்ததில் தொடங்கியது எல்லாம். 28 மில்லிமீட்டர் சிப்பாய்கள் 40 பேர், அதில் பாதிப் பேர் வெறும் பிரைமர் என்னும் அடிப்பூச்சோடு நின்றார்கள், தளபதியின் வாள் நடுவில் ஒடிந்திருந்தது. வாளுக்குள் ஊசித் துளை போட்டுக் கம்பி செருகி ஒட்டினேன். இரண்டு மாதம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து 40 பேருக்கும் பெயிண்ட் அடித்து முடித்தேன். கண் விழி வரைக்கும். இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த நிலையில் இருக்கிற ஒருவன் எதைக் காட்டினாலும் வாங்கிவிடுவான், விற்கிறவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

என்னிடம் இருந்த ரூல்புக், அதாவது எல்லாப் படைக்கும் பொதுவான விதிப் புத்தகம், இரண்டு எடிஷன் பழசு. சரி, இவ்வளவு செய்தாகிவிட்டது, நடப்பு எடிஷன் ரூல்புக்கும், என் படைக்கான தனி விதிகள் இருக்கும் ஆர்மி புக்கும் வாங்கிவிடலாம் என்று ஓர் ஆன்லைன் கடையின் சாட்டில் போய், பெரிய புத்திசாலி மாதிரி கேட்டேன்: "புது எடிஷன் ஏதாவது வரப்போகிறதா? இப்போது வாங்கினால் வீணாகிவிடுமா?" பதில் ஒரே நிமிஷத்தில் வந்தது. "இதுதான் சார் லேட்டஸ்ட், தாராளமா வாங்குங்க, ஸ்டாக்தான் கம்மியா இருக்கு." அந்தப் பதிலை இப்போது எடுத்துப் படித்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்றைக்கு அதுதான் லேட்டஸ்ட். நான் வரப்போவதைப் பற்றிக் கேட்டேன், அவர் இருப்பதைப் பற்றிச் சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம், அந்த வித்தியாசத்துக்கு நான் கொடுத்த விலையில் இரண்டு பெட்டி காலாட்படை வாங்கியிருக்கலாம்.

பார்சல் வந்து 19ஆவது நாள் புது எடிஷன் அறிவிப்பு வந்தது. வீடியோ, டிரம்ஸ் சத்தம், புகை, எல்லாம் இருந்தது. கூடவே சின்ன எழுத்தில் ஒரு வரி: புது எடிஷன் வெளியாகும் நாளிலிருந்து இப்போதைய ஆர்மி புக் எதுவும் செல்லாது. எதுவும் என்றால் என்னுடையதும்தான். நான் இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

கடைக்காரரிடம் திருப்பித் தரலாமா என்று கேட்டேன். அட்டை கசங்கவில்லை, ஒரு மூலை மடங்கவில்லை. "கோட் சுரண்டியிருக்கீங்களா சார்?" என்றார். சுரண்டியிருந்தேன். இந்தக் கோட் விஷயம் புதியவர்களுக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இப்போது பல ஆர்மி புக்குகளில் பின் அட்டையின் உள்பக்கம் ரீசார்ஜ் கார்டில் இருப்பது போல ஒரு சாம்பல் பட்டை இருக்கும். அதைச் சுரண்டினால் வரும் எழுத்துகளைக் கம்பெனியின் ஆப்பில் அடித்தால் உங்கள் படையின் விதிகள் போனில் திறக்கும். ஒரே ஒரு கணக்கில், ஒரே ஒரு தடவை. சுரண்டிய அந்த நிமிஷத்திலிருந்து அது கடைக்குத் திரும்பிப் போக முடியாத புத்தகம். செகண்ட் ஹேண்டில் விற்கப் போனாலும் முதல் கேள்வி அதுதான். நண்பருக்கு இரவல் கொடுத்தால் அவருக்குக் காகிதம் மட்டும்தான் கிடைக்கும்.

சரி, ஆப்பாவது உருப்படியாகப் பயன்பட்டதா? விதிகளைப் படிக்கலாம். ஆட்டத்தில் யார் யாரை இறக்குவது என்று படைப் பட்டியல் போடும் பகுதிக்கு மாதச் சந்தா தனி. ஒரு மாதம் கட்டினேன். புது எடிஷன் வந்த அன்று காலை ஆப் தானாக அப்டேட் ஆனது, நான் கோட் போட்டுத் திறந்த பழைய விதிகள் அதற்குள் இல்லை. காசு கொடுத்து வாங்கிய ஒன்று நான் தூங்கி எழுவதற்குள் மறைந்துபோனதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

புத்தகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வெறுப்பில் ஒருநாள் உட்கார்ந்து பக்கங்களை எண்ணினேன். மொத்தம் 128. பாதிக்கு மேல் கதையும் ஓவியமும் வேறொருவர் அழகாகப் பெயிண்ட் அடித்த பொம்மைகளின் போட்டோவும். கதை பிடிக்காதவன் இல்லை நான், ஆனால் அதில் முக்கால்வாசி என் பழைய புத்தகத்தில் இருந்த அதே கதை, பத்திகள் மட்டும் இடம் மாறியிருந்தன. என் 40 பேரையும் தளபதியையும் வைத்து ஆட எனக்கு வேண்டியிருந்தது 11 பக்கம். கடைசியில் இருக்கும் பாயிண்ட்ஸ் அட்டவணை, அதாவது எந்த யூனிட்டுக்கு, எந்தச் சிப்பாய்க் கூட்டத்துக்கு, எத்தனை பாயிண்ட் என்று சொல்லும் பக்கம், நான் வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. அச்சுக்குப் போன பிறகு நாலு தடவை மாற்றியிருந்தார்கள். மாற்றத்தையெல்லாம் பிடிஎஃப்பாக இலவசமாகப் போட்டிருந்தார்கள், அது நல்லதுதான். நான் அதைப் பிரிண்ட் எடுத்து, கத்தரிக்கோலால் வெட்டி, யூனிட் யூனிட்டாகப் பழைய எண்களின் மேல் பசை தடவி ஒட்டினேன். ஒட்டி முடித்தபோது அந்தப் பக்கம் பஞ்சர் போட்ட டியூப் மாதிரி இருந்தது.

எர்ராட்டா, அதாவது அச்சான பிறகு வரும் திருத்தம், வருவது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் பேர் ஆடும்போதுதான் எந்த யூனிட் அளவுக்கு மீறிப் பலமாக இருக்கிறது என்று தெரியும், தெரிந்தால் திருத்தத்தான் வேண்டும். ஆனால் மாதக் கணக்கில் மாறப்போகும் எண்களைக் கெட்டி அட்டை போட்ட புத்தகத்தில் அச்சடித்து விற்பதற்கு என்ன காரணம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த காரணம் ரொம்பச் சாதாரணமானது. மினியேச்சர் தேய்வதில்லை. ஒருவன் ஒரு படையை வாங்கி, ஒட்டி, பெயிண்ட் அடித்துவிட்டால் அது 20 வருஷம் நிற்கும், அவன் மறுபடி கடைப்பக்கம் வரவேண்டிய அவசியமே இல்லை. விதி மட்டும்தான் பழசாகும். அதுவும் தானாக ஆகாது, யாராவது ஆக்கவேண்டும். அதோடு விதி மாறினால் நேற்று வரை பலமாக இருந்த யூனிட் இன்று சோப்ளாங்கி, நேற்று யாரும் தொடாதது இன்று எல்லாருக்கும் வேண்டும். ஆக ஒரு புத்தகம் இரண்டு வியாபாரம் செய்கிறது.

எடிஷன் மாறும் வேகத்தைப் பார்க்க, மினியேச்சர் விளையாட்டுகளில் பிரபலமான வார்ஹேமர் 40,000-ஐ எடுத்துக்கொள்ளலாம். நான் ஏமாந்தது வேறொரு விளையாட்டில், ஆனால் இதன் வருஷக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்தது. முதல் எடிஷன் 1987. அடுத்தது 1993, பிறகு 1998, 2004, 2008, 2012, 2014, 2017, 2020, 2023. ஆரம்பத்தில் ஐந்தாறு வருஷ இடைவெளி, பிறகு நாலு, 2012-க்கும் 2014-க்கும் நடுவில் வெறும் இரண்டு, 2014-லிருந்து மூணு மூணாக. 2017-லும் 2023-லும் அதற்கு முந்தைய படைப் புத்தகங்கள் ஒரேயடியாகச் செல்லாமல் போயின. இந்த எண்களை நான் வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை எழுதிப் பார்த்திருந்தால், என் விளையாட்டுக்கும் அப்படி ஒரு கணக்கு போட்டுப் பார்த்திருந்தால், சாட்டில் யாரையும் கேட்டிருக்கவே வேண்டாம். என் ஆர்மி புக்கின் இரண்டாம் பக்கத்தில் அச்சான வருஷம் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த எடிஷனுக்கு அப்போது மூணு வயது ஆகப்போகிறது.

கதை அதோடு முடியவில்லை. புது எடிஷன் வந்ததும் எல்லாப் படைகளுக்கும் தற்காலிக விதிகளை இலவச பிடிஎஃப்பாகக் கொடுத்தார்கள். பரவாயில்லையே என்று நினைத்தேன், நாலைந்து ஆட்டம் ஆடினேன், நன்றாகவே இருந்தது. 5 மாதம் கழித்து என் படைக்குப் புது ஆர்மி புக் வந்தது, வந்த அன்றே அந்த பிடிஎஃப்பை எடுத்துவிட்டார்கள். புதுப் புத்தகத்தில் என் தளபதி இல்லை. வாள் ஒட்டினேனே, அவர்தான். "பழைய வரிசை" என்று தனியாக ஒரு கோப்பில் அவரைப் போட்டிருந்தார்கள், வீட்டில் ஆடலாமாம், டோர்னமென்ட்டில் கூடாதாம். காலாட்படையின் பேஸ், அதாவது சிப்பாயின் காலடியில் ஒட்டியிருக்கும் தட்டு, அதன் அளவும் 25 மில்லிமீட்டரிலிருந்து 32-க்கு மாறியிருந்தது. 40 பேரையும் பெயர்த்து வேறு பேஸில் ஒட்டவேண்டும். இரண்டு பேரைப் பெயர்த்துப் பார்த்தேன், ஒருவனுடைய கணுக்கால் கையோடு வந்துவிட்டது. மீதி 38 பேர் பழைய பேஸிலேயே நிற்கிறார்கள், நிற்கட்டும்.

நாங்கள் ஆடுவது நாலு பேர். எங்களுக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர், மூணு படை வைத்திருப்பவர், தன் அலமாரியைக் காட்டி, "தம்பி, இதுல இப்ப செல்லுபடியாகிறது எதுன்னு சொல்லு பார்ப்போம்" என்றார். 14 புத்தகம் இருந்தது. ஒன்றுதான் செல்லும், அதுவும் அந்த மாதம் வாங்கியது. அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்துதான் கணக்குப் போட்டேன். மூணு படைக்கு மூணு புத்தகம், ஒரு ரூல்புக், போட்டிக்கான மிஷன் அட்டைகள் வருஷத்துக்கு ஒன்று, ஆப் சந்தா. பொம்மை ஒன்றுகூட வாங்காமலே இவ்வளவு. இதை நான் பொழுதுபோக்குக்கான வாடகை என்றுதான் சொல்வேன்.

விதியின் கனம் தாங்காமல் ஆட்கள் தவிப்பது ஒன்றும் புதிது இல்லை என்பது வேறு விஷயம். 1824-இல் பிரஷ்ய ராணுவத்துக்காக ரைஸ்விட்ஸ் எழுதிய கிரீக்ஸ்பீல் போர் விளையாட்டில் அட்டவணைகளும் பகடைக் கணக்கும் நிறைய. 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற அதிகாரி, அட்டவணையை மூட்டை கட்டிவிட்டு அனுபவம் உள்ள ஒருவர் நடுவராக இருந்து முடிவு சொன்னால் போதும் என்றார். எங்கள் அண்ணன்தான் இதைச் சொன்னார், அன்றிலிருந்து சண்டை வந்தால் அவரே நடுவர்.

அதற்காக இலவசமாகத் திருடிப் போட்ட ஸ்கேன் பிரதிகளைத் தேடிப் போகச் சொல்லவில்லை. விதி எழுதுவதும் ஒரு வேலைதான், அதற்குக் காசு கேட்பதில் தப்பில்லை. சின்னக் குழுக்கள் ஒரே புத்தகத்தில் எல்லாப் படைகளையும் அடக்கி, பத்து வருஷம் அதை மாற்றாமல் வைத்திருக்கிற விளையாட்டுகளும் இருக்கின்றன, அவர்களுக்குக் கொடுக்கும் காசு எனக்கு வலிப்பதில்லை. இன்ஃபினிட்டி விளையாட்டின் விதிகளை அந்தக் கம்பெனியே இலவசமாகத் தருகிறது, படைப் பட்டியல் போடும் கருவியும் இலவசம், பொம்மைக்கு மட்டும்தான் காசு. ஒன் பேஜ் ரூல்ஸ் என்பவர்களின் அடிப்படை விதிகளும் காசில்லாமல் கிடைக்கும், கையில் இருக்கிற எந்தப் பொம்மையை வைத்தும் ஆடலாம். என் 38 பேரும் இப்போது அதில்தான் ஆடுகிறார்கள், தளபதியையும் சேர்த்துக்கொண்டேன், பேஸ் அளவை யாரும் கேட்பதில்லை.

அப்படியும் உங்களுக்குப் பெரிய விளையாட்டுதான் வேண்டும், நண்பர்கள் எல்லாம் அதைத்தான் ஆடுகிறார்கள் என்றால், முதல் நாலு ஆட்டத்துக்கு எதையும் வாங்காதீர்கள். யாராவது ஒருவரிடம் புத்தகம் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து ஆடுங்கள். எடிஷன் வந்து இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் ஆர்மி புக் பக்கமே போகவேண்டாம், புது எடிஷன் வந்தால் இலவச பிடிஎஃப் வருமா என்று காத்திருங்கள். ரூல்புக் வேண்டுமானால் புதியவர்களுக்கான ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வரும் சின்னப் புத்தகத்தைச் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள், பெரும்பாலும் விதி அதேதான், கதைப் பக்கங்கள்தான் இருக்காது. தோல் அட்டை, தங்க ஓரம் போட்ட லிமிட்டெட் எடிஷன் பிரதி இருக்கிறதே, அதற்குள் இருக்கிற விதியும் சாதாரணப் பிரதியோடு அதே நாளில்தான் சாகும். கடையில் கேட்கும்போது "இது லேட்டஸ்டா" என்று கேட்காதீர்கள், "60 நாளுக்குள் புது எடிஷன் அறிவித்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எடுத்துக்கொள்வோம் என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன, அதற்குப் பிறகு நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அப்புறம், என்ன ஆனாலும் முதல் ஆட்டம் ஆடி முடிக்கும் வரை அந்தச் சாம்பல் பட்டையில் நகம் படக்கூடாது.

இதை எழுதும் முன் அந்தப் பழைய கடையின் தளத்தைத் திறந்து பார்த்தேன். செல்லாமல் போன என் ஆர்மி புக் இன்னும் அதே முழு விலைக்குப் பட்டியலில் இருக்கிறது. கீழே சிவப்பு எழுத்தில், "கடைசி 2 பிரதிகள், சீக்கிரம்!"