கடலூரிலிருந்து எங்கே கூட்டிப் போவது? ஜிப்மரா, அடையாறா, தனியாரா

சின்னக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே சாயங்காலத்துக்குள் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்தில் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கே என்பார் ஒருவர். கேன்சர் என்றால் சென்னை அடையாறு மருத்துவமனைதான் என்பார் இன்னொருவர். வேலூருக்குப் போங்கள் என்று ஒரு குரல், நகையை வைத்தாவது சென்னையில் பெரிய தனியார் மருத்துவமனையில் சேருங்கள் என்று ஒரு குரல். என் தம்பி மகளுக்கு நாலு வயதில் இந்த நோய் வந்தபோது இந்த யோசனைகள் அத்தனையும் எங்கள் வீட்டுக்கு வந்தன. எல்லோரும் அக்கறையாகத்தான் சொன்னார்கள். ஆனால் மருத்துவமனையின் பெயரை வைத்துச் சொன்னார்களே தவிர, அங்கிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று யாரும் கணக்குப் போடவில்லை. கடலூர்க் குடும்பத்துக்கு அந்தத் தூரம்தான் முதல் கணக்கு என்பது என் உறுதியான கருத்து. அதற்குக் காரணம் இருக்கிறது.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். வசதியான நாடுகளில் இந்த நோய் வந்த பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் வரை குணமாகிறார்கள். எல்லா வகைக் குழந்தைப் புற்றுநோய்களையும் சேர்த்தால், பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, சிகிச்சையின் பக்கவிளைவால் இறப்பது, பாதியில் விட்டுவிடுவது ஆகியவற்றையும் அது காரணமாகச் சொல்கிறது. எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும்போது இந்த மூன்றும் மனதில் இருக்கட்டும்.

மருந்தை வைத்து மருத்துவமனைகளை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. வின்கிரிஸ்டின், அஸ்பராஜினேஸ், ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், 6-எம்.பி. மாத்திரை, முதுகுத் தண்டில் போடும் ஊசி. ஏ.எல்.எல்.லுக்கு அடிப்படை மருந்துகள் இவைதான். பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பவை. கோரிமேட்டிலும் அடையாற்றிலும் ஏசி அறை உள்ள தனியார் மருத்துவமனையிலும் இவற்றைத்தான் ஏற்றுவார்கள். முதல் ஒரு மாதம் தீவிரம். பிறகு பல மாதங்களுக்கு விட்டுவிட்டு கீமோ. அப்புறம் தினமும் மாத்திரை, அவ்வப்போது ஊசி. மொத்தத்தில் இரண்டு முதல் மூன்று ஆண்டு ஆகும். ஒரு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருவது போன்ற வைத்தியம் இல்லை இது.

இந்த இரண்டு மூன்று ஆண்டில் குடும்பத்தை அதிகம் சோதிப்பது காய்ச்சல். கீமோ முடிந்து சில நாளில் வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும். அப்போது குழந்தை ராத்திரி சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு படுக்கும். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. கொஞ்ச நேரத்துக்குள் ரத்தப் பரிசோதனை எடுத்து, நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும். தாமதமானால் உயிருக்கே ஆபத்து. அப்படி ஒரு ராத்திரி தம்பி மனைவி எனக்குப் போன் செய்தாள். "அண்ணி, பாப்பாவுக்குச் சுடுது, காருக்குச் சொல்லியாச்சு. சின்னவனை மட்டும் நீங்க வந்து பாத்துக்கறீங்களா?" நான் போய்ச் சேர்ந்தபோது பையில் ஃபைல், மாற்றுத்துணி, ஃபிளாஸ்க் எல்லாம் ஏறியிருந்தது, குழந்தைக்கு மாஸ்க் போட்டாயிற்று. முள்ளோடை தாண்டி, புதுச்சேரிக்குள் நுழைந்து, கோரிமேடு போய்ச் சேர ஒரு மணி நேரம். இதே காய்ச்சல் வந்து சிகிச்சை சென்னையில் என்றால் 180 கிலோமீட்டர். நடுராத்திரியில் அந்தத் தூரத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே ஏ.எல்.எல். என்று உறுதியான கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் குழந்தைக்கு என் முதல் தேர்வு ஜிப்மர். மத்திய அரசின் நிறுவனம், புற்றுநோய்க்கெனத் தனி மையமே உள்ளே இருக்கிறது, ரத்த வங்கி அதே வளாகத்தில். வசதியில்லாத குடும்பத்துக்குச் செலவும் தாங்கும் அளவில் இருக்கும். கூட்டம் அதிகம், அதை மறைக்க வேண்டியதில்லை. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என்று சுற்று வட்டாரமே அங்கேதான் வருகிறது. விடியற்காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும், ஒரு டாக்டரிடம் பேசக் கிடைப்பது சில நிமிடம்தான். அதனால் கேட்க வேண்டிய கேள்விகளை முந்தின நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். வரிசையில் நிற்பது பெரியவர்களுக்குக் கஷ்டம், ஆனால் அதைத் தாங்கிக்கொள்ள முடியும். தூரத்தைத் தாங்க முடியாமல் பாதியில் சிகிச்சையை விட்டுவிட்டால் நஷ்டம் குழந்தைக்கு.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியில் 1952ல் அடிக்கல் நாட்டி 1954ல் தொடங்கிய இடம் அது. டாக்டர் சாந்தா தன் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கொடுத்தார். லாப நோக்கம் இல்லை, ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகவோ சலுகையிலோ பார்க்கிறார்கள். அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றும் புற்றுநோய்க்கென்றே பழகிய ஒரே குழுவின் கையில் இருக்கிறது. அதனால் எலும்பில் கட்டி, சிறுநீரகக் கட்டி, மூளைக் கட்டி என்று வந்தால் என் வரிசை மாறும். அப்போது அடையாற்றைத் தீவிரமாக யோசிப்பேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் திருவான்மியூரில் இறங்கலாம், அங்கிருந்து பக்கம்தான். ஆனால் மாதக்கணக்கில் சென்னையில் தங்க வேண்டியிருக்கும், அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள். புற்றுநோய் சிகிச்சைக்கு வரும் ஏழைக் குழந்தைகளின் குடும்பம் இலவசமாகத் தங்க, செயின்ட் ஜூட் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் சென்னையிலும் வேலூரிலும் இடம் வைத்திருக்கிறது. மருத்துவமனை சமூகப் பணியாளரிடம் கேட்டால் வழி சொல்வார்.

வேலூர் சி.எம்.சி. நோய் திரும்பி வந்து எலும்பு மஜ்ஜை மாற்று வேண்டும் என்ற நிலைக்கு. அந்தச் சிகிச்சையில் அவர்களுக்கு நீண்ட அனுபவம். முதல் சுற்றுக்கே அங்கே போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கண்மணியில் வெள்ளையாக ஒளி தெரிந்தால் மட்டும் வழி வேறு, அது கண்ணில் வரும் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை கடலூர் சாலையிலேயே இருக்கிறது, உடனே அங்கே காட்டிவிடுங்கள்.

இனி தனியார். உண்மையில் நல்லது என்ன? வரிசை இல்லை, தனி அறை, ஒரே டாக்டர் கடைசிவரை, அவரது போன் நம்பர் கையில். குழந்தை பயந்து அழும் அந்த முதல் மாதத்தில் இவற்றின் அருமை தெரியும். பணம் இருப்பவர்கள் போனால் தவறே கிடையாது. என் பயமெல்லாம் பணம் இல்லாமல் போகிறவர்களைப் பற்றி. முதல் மாதம் நகையில் ஓடும், இரண்டாம் மாதம் கடனில். காய்ச்சல் வந்து ஐ.சி.யு.வில் ஒரு வாரம் இருந்தால் போட்ட கணக்கெல்லாம் கலைந்துவிடும். ஆறாம் மாதம் கையில் ஒன்றும் இல்லாமல் அரசு மருத்துவமனைக்கு மாறுகிறார்கள், இடையில் கீமோ தள்ளிப்போகிறது. கடைசியில் அங்கேதான் வரவேண்டியிருக்கும் என்றால் முதல் நாளே வந்துவிடுவது நல்லது. மறுகருத்து மட்டும் வேண்டும் என்றால் மஜ்ஜைப் பரிசோதனை அறிக்கையும் ஸ்லைடும் எடுத்துப் போய் ஒருமுறை தனியாரில் காட்டலாம். செலவு குறைவு, மனசும் தெளியும்.

நாட்டு மருந்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே அத்தைப் பாட்டி ஒருவர் பொடி வாங்கி வந்தார். 6-எம்.பி.யும் மெத்தோட்ரெக்சேட்டும் ஏற்கெனவே ஈரலுக்குப் பாரம். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியை அதன் மேல் ஏற்றக் கூடாது. "பாட்டி, டாக்டர் சரின்னு சொன்னா கொடுக்கலாம்" என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டோம், கொடுக்கவில்லை. இன்னொன்று: நோய் உறுதியாகும் முன்பு மூட்டு வலிக்கு, சளிக்கு என்று உள்ளூரில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் மஜ்ஜைப் பரிசோதனையில் உண்மை மறைந்துபோகும். விடாத காய்ச்சல், கால் வலி, வெளிறிய முகம், அடிபடாமலே நீலத் திட்டு இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை.

பணத்துக்கும் பல வழிகள் உண்டு. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எந்த ஊரில் சேர்த்தாலும் கார்டை முதல் நாளே காப்பீட்டு கவுண்டரில் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிரதமர் நிவாரண நிதி, முதல்வர் நிவாரண நிதி, மத்திய சுகாதாரத் துறையின் புற்றுநோயாளி நிதி இவற்றுக்கு மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டுச் சான்றும் வருமானச் சான்றும் வேண்டும். தாமதமாகும், ஆனால் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நகைக்கடன் உடனே கிடைக்கும், அவசரத்துக்கு அதுவே சரி, கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ வையுங்கள். மீட்டர் வட்டிக்காரரையும் குழுக்கடன் மேல் குழுக்கடனையும் தொடவே வேண்டாம். இணையத்தில் நிதி திரட்டுவதும் உதவும். ஆனால் திரளும் பணம் நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போகும்படி கேளுங்கள். முடி கொட்டிய குழந்தையின் படம் எங்கெங்கு சுற்றும் என்பதையும் யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்தக் காப்பீடும் தராதது தினக்கூலி. தம்பி சிப்காட்டில் லோடு வண்டி ஓட்டுகிறான். ஓட்டாத நாளுக்குச் சம்பளம் இல்லை. மருந்துச் செலவைவிட இந்த வருமான இழப்புதான் அவன் வீட்டை உலுக்கியது. இதனால் கோரிமேட்டில் அறை எடுப்பதா, கடலூரிலிருந்து போய் வருவதா என்பதும் ஒரு ஒப்பீடுதான். முதல் மாதத்துக்கும் கீமோ கடுமையாக இருக்கும் வாரங்களுக்கும் அறை எடுங்கள், பஸ் கூட்டத்தில் தொற்று வரும் பயம் குறையும். மாத்திரைக் கட்டம் வந்த பிறகு வீட்டிலிருந்தே போய் வரலாம், அப்பாவும் வேலைக்குப் போகலாம். சென்னைக்கோ வேலூருக்கோ ரயிலில் போவதானால் மருத்துவமனையின் சான்றைக் காட்டினால் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் புற்றுநோயாளிக்குக் கட்டணம் கிடையாது, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் குறையும்.

முதல் நாள் கிளம்பும்போது எடுத்துப் போக வேண்டியவை: ரேஷன் கார்டு, குழந்தையின் ஆதார், காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று, இதுவரை எடுத்த எல்லாப் பரிசோதனைத் தாள்களும். எல்லாவற்றுக்கும் மூன்று நான்கு ஜெராக்ஸ். இதில் பலரும் மாட்டிக்கொள்வது ரேஷன் கார்டில். குழந்தையின் பெயர் சேர்க்காமலே இருக்கும், அது இல்லாமல் காப்பீடு நகராது. இ-சேவை மையத்தில் ஒரு விண்ணப்பம் போட்டால் சேர்த்துவிடலாம், குழந்தையின் பிறப்புச் சான்றை மறக்காமல் கொண்டு போங்கள்.